புதுக் கியூவும் பழைய கையும்

ஸ்னூக்கர் விதிப்புத்தகத்தில் கியூவைப் பற்றிச் சொல்லியிருப்பது ரொம்பக் கொஞ்சம். நீளம் 3 அடிக்கு, அதாவது 914 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுக்கும் வழக்கமான வடிவத்திலிருந்து மாறக்கூடாது. சிறுத்த முனையில் ஒரு டிப் இருக்கணும். அவ்வளவுதான். எடைக்கு வரம்பு இல்லை. டிப் எத்தனை மில்லிமீட்டர் என்றும் சொல்லவில்லை. பந்தின் விட்டத்தையும் மேஜையின் உயரத்தையும் அத்தனை கறாராக அளக்கும் ஓர் ஆட்டம், ஆடுகிறவர் கையில் இருக்கும் ஒரே கருவியை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறது. புதுசாகக் கியூ வாங்கப் போகிறவருக்கு இவ்வளவு குழப்பம் வருவது இதனால்தான். கடைக்காரர் ஒன்று சொல்வார், கூட ஆடுகிறவர் ஒன்று சொல்வார், யூட்யூபில் ஒரு வெள்ளைக்காரர் இரண்டுக்கும் எதிராக வேறொன்று சொல்வார்.

நான் ஆடும் பார்லருக்கு ஒரு தம்பி வருவார். உணவு டெலிவரி வேலை. இரண்டு மூன்று வருஷமாக அங்கே சுவரில் மாட்டியிருக்கும் ஹவுஸ் கியூவிலேயே ஆடி, 30, 40 பிரேக் சர்வசாதாரணமாக அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, சேர்த்து வைத்த 18,000 ரூபாயோடு, "அண்ணே, எந்தக் கியூ வாங்கட்டும்?" என்று வந்து நின்றார். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. "இப்ப வாங்காதீங்க தம்பி" என்றுதான் சொன்னேன். அவர் முகம் வாடிப்போச்சு. ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க உட்கார்ந்தபோது, சில வருஷங்களாக நோட்டில் கிறுக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டி வந்தது. அதுதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பழைய கதை. 'கியூ' என்ற சொல் பிரெஞ்சு மொழியில் வாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆரம்பகால பில்லியர்ட்ஸில் பந்தைக் குத்துவதில்லை, தள்ளுவார்கள். அதற்கு முன்பக்கம் தட்டையான தலை வைத்த ஒரு கட்டை இருந்தது. பந்து குஷனை ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தத் தலையை வைத்துத் தள்ள இடம் கிடைக்காது. அப்போது கட்டையைத் திருப்பி வால் பக்கத்தால் குத்தினார்கள். போகப்போக வாலே போதும், தலை எதற்கு என்று ஆகிவிட்டது. ஆனால் அது வெறும் மரமுனை. நடுவை விட்டுக் கொஞ்சம் விலகினால் வழுக்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி முனையில் தோல் டிப்பை ஒட்டி ஆடிப் பிரபலமாக்கினார். 1827இல் பாரிஸில் அதைப்பற்றிப் புத்தகமும் போட்டார். தோலும் அதன்மேல் தடவுகிற சாக்கும் வந்த பிறகுதான் பந்தைச் சுழலவிட்டு விளையாடுவது என்பதே சாத்தியமானது.

1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் (பின்னாளில் பிரதமரானவர் இல்லை, இவர் வேறு) ஸ்னூக்கரை உண்டாக்கியபோது கியூ ஏறக்குறைய இன்றைய உருவத்துக்கு வந்துவிட்டது. பிறகு அவர் ஊட்டிக்கு வந்து, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. இந்த ஆட்டத்தின் சட்டம் நம் நீலகிரியில் எழுதப்பட்டது என்பது பார்லரில் தினமும் ஆடுகிற பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தால் பாட் ஒன்றும் கூடுதலாக விழப்போவதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது மரம். கடையில் கேட்கும் முதல் கேள்வியே "ஆஷா, மேப்பிளா?" என்றுதான் இருக்கும். ஸ்னூக்கர் கியூவின் தண்டு, அதாவது ஷாஃப்ட், பெரும்பாலும் ஆஷ் மரம். நீளவாக்கில் ரேகை தெளிவாக ஓடும். தண்டு சிறுத்துக்கொண்டே போவதால் அந்த ரேகைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அம்புக்குறி மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். சுத்தி, மண்வெட்டிகளுக்குப் பிடி போடவும் அந்த நாடுகளில் இதே மரம்தான். அதிர்ச்சியைத் தாங்கும், பிளந்துகொள்ளாது. தாவரவியல்படி இது ஒலியேசியே குடும்பம். நம் மல்லிகையும் அதே குடும்பம் என்று படித்ததிலிருந்து என் கியூவைப் பார்க்கும்போது ஒரு மாதிரி பாசம் வந்துவிட்டது. மேப்பிளில் ரேகை அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. பார்க்க வெண்ணெய் தடவினது போல மழமழவென்று இருக்கும், பெரும்பாலும் ஆஷைவிடக் கொஞ்சம் கனம். குனிந்து குறி பார்க்கும்போது ரேகை கண்ணை உறுத்துகிறது என்பவர்கள் மேப்பிள் பக்கம் போகிறார்கள். அந்த அம்புக்குறியை மேலே வைத்துத்தான் நேர்க்கோடே பிடிக்கிறேன் என்பவர்கள் ஆஷை விடமாட்டார்கள். எது சிறந்தது என்பதற்குப் பதிலே கிடையாது. உங்கள் கண்ணுக்கு எது தொந்தரவு தரவில்லையோ அதுதான். நானாக இருந்தால் முதல் கியூவுக்கு ஆஷ் என்பேன். ரேகை எப்படி ஓடுகிறது என்று வெளியே தெரிவதால் நல்ல மரமா, நடுவில் கோணிக்கொண்டு போகிற மரமா என்று நாமே பார்த்துவிடலாம். மேப்பிளில் கடைக்காரர் சொல்வதை நம்பணும்.

பின்பகுதியான பட் பெரும்பாலும் எபனி, அதாவது கருங்காலி வகை. கழுத்தில் கருங்காலி மாலை போட்டுக்கொள்ளும் காலம் இது, அதனால் விலை சொல்லும்போது அந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறார்கள். பட் கனமான மரமாக இருப்பதற்குக் காரணம் சமநிலைதான். அதற்குமேல் பதிக்கும் பல வண்ண மரத்துண்டுகள் எல்லாம் அழகுக்கு. வேலைப்பாட்டுக்காகக் காசு கொடுப்பது தப்பில்லை, ஆனால் அது பந்தைப் பாக்கெட்டில் போடாது.

நேராக இருக்கிறதா என்று பார்க்க மேஜைமேல் உருட்டிப் பார்ப்பார்கள். அது பாதி சோதனைதான். நிறையக் கியூக்களில் பட்டின் அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவி, பெயர்த்தகடு பதித்திருப்பார்கள். உருட்டும்போது அந்த இடம் தட்டுத்தடுமாறும், உடனே "வளைஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். பட்டை மேஜைக்கு வெளியே விட்டுத் தண்டை மட்டும் உருட்டிப் பாருங்க. டிப் பக்கம் எழும்பி எழும்பி இறங்கினால்தான் வளைவு. அதைவிட நம்பகமானது, தச்சர் ரீப்பரைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாரே, அது. பட்டைக் கன்னத்தோடு வைத்து முனையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சுற்றுங்கள். கையால் இழைத்த கியூவில் துளி வளைவு இருக்கத்தான் செய்யும். அந்தத் தட்டைப் பகுதியை எப்போதும் ஒரே மாதிரி பிடிப்பதே இதற்காகத்தான். இருக்கிற துளி வளைவும் எப்போதும் ஒரே பக்கம் இருந்தால் கை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

நீளம் பெரும்பாலும் 57, 58 அங்குலம். எடை 17 முதல் 19 அவுன்ஸ், அதாவது சுமார் 480 முதல் 540 கிராம். டிப் 9 முதல் 10 மில்லிமீட்டர், பெரும்பாலோர் 9.5. பூல் ஆடுகிறவர்கள் 12, 13 மில்லிமீட்டர் டிப்பில் ஆடுவார்கள், அங்கே பந்தும் பெரிது. இந்த எண்களில் ஒரு அவுன்ஸ் கூடக்குறைய இருப்பதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கணும். கியூவை ஒரு விரல்மேல் வைத்து எங்கே சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். பட் நுனியிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் இருந்தால் பொதுவான வழக்கம். முன்பக்கம் எடை ஏறினால் பிரிட்ஜ் கையில் நன்றாகப் படியும், ஆனால் இழுத்து அடிக்கும்போது கை கனக்கும். பின்பக்கம் ஏறினால் முனை ஆடுகிற மாதிரி இருக்கும்.

பூட்டு எங்கே என்பதும் ஒரு கேள்வி. ஒரே துண்டாக வரும் கியூவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நடுவில் கழற்றுவது ஒரு வகை, பட்டுக்குச் சற்று மேலே, முக்கால் பங்கில் கழற்றுவது இன்னொரு வகை. முக்கால் பூட்டில் தண்டு முழுசாக ஒரே மரமாக இருக்கும் என்பதால் பெரும்பாலோருக்கு அதுதான் இஷ்டம். ஆனால் உறை மூன்றரை அடிக்கு மேல் நீளும். நம்ம தம்பிக்கு ஓட்டுவது டூவீலர், பின்னாடி டெலிவரிப் பெட்டி. நடுப்பூட்டு என்றால் இரண்டரை அடியில் முடிந்துவிடும். "ஆட்டத்துக்கு முக்கால், வண்டிக்கு நடு" என்று அவரே சிரித்துக்கொண்டே சொன்னார். நன்றாகச் செய்த நடுப்பூட்டில் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து யாராலும் முடிந்ததில்லை. மோசமாகச் செய்த முக்கால் பூட்டு அடிக்கு அடி லேசாகச் சத்தம் போடும், அது கேட்டுக்கொண்டே இருந்தால் ஆட முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் கடையிலேயே பார்த்துவிடக்கூடியது. கடையில் பார்க்க முடியாத, யாரும் அவ்வளவாகப் பேசாத ஒன்றுதான் புதுக் கியூவை எடுத்த எல்லோரையும் ஒரு மாசம் படுத்தி எடுக்கிறது. விலகல்.

கியூ பாலின் நடுவில் அடித்தால் அது கியூ போகிற திசையிலேயே போகும். வலப்பக்கம் தள்ளி, அதாவது வலது சைடு வைத்து அடித்தால், பந்து கியூவின் திசையிலிருந்து கொஞ்சம் இடப்பக்கமாகக் கிளம்பும். காரணம் இதுதான். டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம். அதற்குள்ளேயே பந்து சுழல ஆரம்பித்துவிடுகிறது. சுழலும் பந்து, தன்மேல் ஒட்டியிருக்கும் கியூ முனையையும் வலப்பக்கமாக இழுத்துத் தள்ளுகிறது. முனை வலப்பக்கம் போனால் அதற்கு ஈடாகப் பந்து இடப்பக்கம் போகணும். நியூட்டன் சொன்ன கணக்கு, தப்பிக்க முடியாது.

எவ்வளவு விலகும் என்பதை முடிவு செய்வது, அந்தக் கணநேரத்தில் பந்து தள்ள வேண்டியிருந்த முனையின் எடை. இங்கேதான் சுவாரசியம். அந்தத் தள்ளு மரத்தின் வழியாகப் பின்னோக்கிப் பரவவும் நேரம் வேண்டும். தொடுகை முடிவதற்குள் முனையிலிருந்து சில அங்குலம் வரைதான் அது எட்டும். ஆக, விலகலைப் பொறுத்தவரை அந்தச் சில அங்குலம்தான் கணக்கு. மீதி நாலரை அடிக் கியூவும், பட்டில் இருக்கும் கருங்காலியும், மொத்த எடை 17 அவுன்ஸா 19 அவுன்ஸா என்பதும் இந்த விஷயத்தில் சம்பந்தமே இல்லாதவை. முனை எவ்வளவு பருமன், அங்கே மரம் எவ்வளவு அடர்த்தி, பித்தளை ஃபெரூல் எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் — இவ்வளவுதான். ஒரே நீளம், ஒரே எடை, ஒரே கடை, ஒரே மரம் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு கியூக்கள் வேறு வேறு மாதிரி ஆடுவதற்கு இதுதான் காரணம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. பிரவுன் இடத்திலிருந்து பிளாக் இடம் வரை சுமார் இரண்டரை மீட்டர். ஒரு டிகிரி மட்டும் திசை தப்பினால் அங்கே போய்ச் சேரும்போது 44 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். அதாவது ஒரு டிகிரியில் ஏறக்குறைய ஒரு பந்து அகலமே போய்விடும். நன்றாகச் சைடு வைத்து அடித்தால் ஒன்றிரண்டு டிகிரி விலகுவது சாதாரணம். அப்படியிருந்தும் எல்லோரும் சைடு வைத்துத்தான் பாட் செய்கிறார்கள். எப்படி? கை கற்றுக்கொண்டிருக்கிறது. பல வருஷம் ஒரே கியூவில் ஆடியவர் வலது சைடு வைக்கும்போது தன்னையறியாமல் துளி வலப்பக்கமாகவே குறி பார்க்கிறார். கேட்டுப் பாருங்கள், "நேராத்தான் பாக்கறேன்" என்று சத்தியம் பண்ணுவார். பண்ணட்டும். அந்தத் திருத்தம் அவர் புத்தியில் இல்லை, கையிலும் கண்ணிலும் இருக்கிறது. அது அந்த ஒரு கியூவுக்கான திருத்தம்.

இப்போது விலகல் குறைவான புதுக் கியூ அந்தக் கைக்கு வருகிறது. கை பழைய திருத்தத்தையே செய்கிறது. பந்து எதிர்பார்த்த அளவு இடப்பக்கம் விலகாததால் வலப்பக்கமாகப் போய்விடுகிறது. இடது சைடு வைத்தால் இடப்பக்கமாகத் தப்பும். அதாவது எந்தப் பக்கம் சைடோ அந்தப் பக்கமே தப்பினால், புதுக் கியூ பழசைவிடக் குறைவாக விலக்குகிறது என்று அர்த்தம். சைடுக்கு எதிர்ப்பக்கம் தப்பினால் புதுசு கூடுதலாக விலக்குகிறது. இரண்டு பக்கமும் மாறிமாறித் தப்பினால் கியூவைத் திட்டாதீங்க, அது உங்கள் முழங்கை.

இதைச் சோதித்துப் பார்க்க மேஜையிலேயே ஒரு வழி இருக்கிறது. மற்ற பந்துகளை எடுத்துவிட்டு, கியூ பாலைப் பிரவுன் இடத்தில் வைத்து, ப்ளூ, பிங்க், பிளாக் இடங்கள் வழியாக நேராக மேல் குஷனுக்கு அடியுங்கள். முதலில் நடுவில். நேராகப் போய் நேராகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே வராவிட்டால் மேற்கொண்டு போக வேண்டாம். பிறகு கியூவை அந்தக் கோட்டுக்கு இணையாக வைத்துக்கொண்டே ஒரு டிப் அளவு வலப்பக்கம் நகர்த்தி, நல்ல வேகத்தில் அடியுங்கள். வேகம் முக்கியம். மெதுவாக அடித்தால், கியூவின் பின்பக்கம் எப்போதுமே லேசாகத் தூக்கியிருப்பதால், பந்து வளைந்து திரும்பி வந்து விலகலை மறைத்துவிடும். குஷனில் எங்கே படுகிறது என்று ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். குஷன் கட்டைமேல் ஒரு சாக் கட்டியை வைத்து அடையாளம் செய்யலாம். பழைய கியூவில் பத்து, புதுசில் பத்து. என் பழைய கியூவுக்கும் இப்போதையதற்கும் நடுவே ஏறக்குறைய அரைப்பந்து வித்தியாசம் வந்தது. அரை மணி நேர வேலை, மேஜை வாடகை போக வேறு செலவில்லை. எந்த விளம்பரத்தையும்விட இது நிறையச் சொல்லும்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேண்டாம் என்றதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். மூன்று வாரத்தில் நடுவில் அடிக்கிற நேர் பாட்டுகள் வந்துவிடும். அவை முதல் நாளே வரும். கடையில் கியூவைச் சோதிக்கும்போது எல்லோரும் நேர் பாட் அடித்துப் பார்த்து "சூப்பர்" என்று சொல்வதும், வாங்கிக்கொண்டு வந்து இரண்டாவது வாரத்தில் தலையில் கை வைப்பதும் இதனால்தான். ஒவ்வொரு அளவு சைடுக்கும், ஒவ்வொரு வேகத்துக்கும், ஒவ்வொரு தூரத்துக்கும் கை புதிதாகக் கற்கணும். எனக்கு மூன்று மாதம் ஆச்சு, நான் வாரத்தில் மூன்று நாள் ஆடுகிறவன்.

தம்பி சொன்னதைக் கேட்டார். பார்லரில் அவர் வழக்கமாக எடுக்கும் 7ஆம் நம்பர் கியூவை மார்க்கர் அவருக்காகவே ஒதுக்கி வைப்பார். டிப் மட்டும் கொஞ்சம் ராவி, அதையே இரவல் வாங்கிக்கொண்டு போட்டிக்குப் போனார். இரண்டாவது சுற்றில் தோற்றார், அவரைவிட நன்றாக ஆடியவரிடம். அதற்குப் பிறகு 11,000 ரூபாய்க்கு ஓர் ஆஷ் கியூ வாங்கினோம். மீதிப் பணத்தில் கெட்டியான உறை, இரண்டு டிப், இன்னும் கொஞ்சம் கையிலேயே. 18,000க்கு ஒன்றைக் காட்டி, "இதுல ஆடினா நூறு பிரேக் தானா வரும்" என்று கடையில் வற்புறுத்தினார்கள். கியூவுக்கு அந்தத் திறமை கிடையாது.

நான்காவது வாரம் அவர் என்னிடம் வந்து, "அண்ணே, காசை வீணாக்கிட்டனோன்னு இருக்குண்ணே. ஹவுஸ் கியூல விழுந்த பாட் எதுவும் விழல" என்றார். அந்தப் பணம் அவருக்கு எத்தனை மழைநாள் ராத்திரி ஓட்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆறுதல் சொல்லாமல் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போய் மேலே சொன்ன சோதனையைச் செய்தோம். மார்க்கர் குஷன் பக்கம் நின்று பார்த்தார். வலது சைடுக்கு வலப்பக்கம், இடது சைடுக்கு இடப்பக்கம், பத்துக்கு எட்டு தடவை. தப்புகள் அத்தனையும் ஒழுங்காக ஒரே பக்கம் இருந்தன. ஹவுஸ் கியூவின் முனை பருத்து, ஃபெரூல் நீளம். புதுசு மெலிசு. "கை நல்லாத்தான் இருக்கு தம்பி, பழைய கணக்குல இருக்கு" என்றார் மார்க்கர். ஒரே தப்பைத் திரும்பத்திரும்பச் செய்கிற கை திருந்திவிடும். கை நிலையில்லாமல் இருந்தால்தான் கஷ்டம்.

பழகுவதற்கு நான் கண்ட வழி ஒன்றே ஒன்று. இரண்டு வாரம் சைடே வைக்காமல் ஆடுவது. நடு, மேல், கீழ் மட்டும். ஸ்டன், ஃபாலோ, ஸ்க்ரூ மூன்றிலேயே முக்கால்வாசி இடம் பிடித்துவிடலாம். அதிலும் ஒரு நன்மை, எத்தனை இடத்தில் தேவையே இல்லாமல் சைடு வைத்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவரும். மூன்றாவது வாரத்திலிருந்து அரை டிப் சைடு, கிட்டத்தில் இருக்கும் பந்துகளுக்கு மட்டும். அப்புறம் தூரத்தை நீட்டுவது. நடுவில் ஒரு நாள் ஆட்டம் சரியில்லை என்று பழைய கியூவை எடுக்கக்கூடாது. இரண்டு கணக்கும் கலந்துபோய் எதுவும் நிற்காது. பழையதை வீட்டில் யாரிடமாவது கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்வது நல்லது.

இன்னொரு விஷயம், கியூவை மாற்றும்போது டிப் வகையையும் சாக்கையும் சேர்த்து மாற்றாதீங்க. எது எதனால் என்று பிறகு பிரித்தறிய முடியாது. பழைய கியூவில் எல்க் மாஸ்டர் டிப் இருந்தால் புதுசிலும் அதையே ஒட்டுங்கள். அடுக்கடுக்காகத் தோல் ஒட்டிச் செய்யும் ஜப்பான் டிப்புகள் நல்லவைதான், ஆனால் அவற்றின் முறை வேறு நாள் வரட்டும். புது டிப் முதல் சில நாள் அமுங்கி, ஓரம் குடை மாதிரி விரியும். அதைக் கூரான பிளேடால் ஃபெரூலோடு சமமாகச் சீவி, மேலே கவிந்த வடிவம் வரும்படி ராவிவிடணும். சின்ன டிப்பில்தான் நிறையச் சுழல் வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பந்தில் உண்மையில் படுவது டிப்பின் ஒரு சின்னப் பகுதிதான். சுழலை முடிவு செய்வது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் படுகிறது என்பது. பந்தின் ஆரத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது 13 மில்லிமீட்டர் வரை போகலாம். அதைத் தாண்டினால் எந்த டிப்பும் வழுக்கும்.

கியூ மாறினால் ஆட்டமே போய்விடும் என்பதற்கு எல்லோரும் ஸ்டீஃபன் ஹெண்ட்ரியைச் சொல்வார்கள். சின்ன வயதில் வாங்கிய மலிவான ஒரு கியூவிலேயே 1990 முதல் 1999 வரை ஏழு உலகப் பட்டம் வென்றவர். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. அதற்குப் பிறகு உலகப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கடைசிப் பட்டம் 1999, கியூ உடைந்தது 2003. நடுவில் நாலு வருஷம் அதே கியூ அவர் கையில்தான் இருந்தது. உடைந்த பிறகும் 2005இல் மால்டா கோப்பையை வென்றார். அதனால் பழியெல்லாம் கியூமேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரானி ஓ'சல்லிவன் 2025 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் தோல்வி முகத்தில் இருந்தபோது தன் கியூவைத் தானே உடைத்துவிட்டார். சில மாதம் ஆடாமல் இருந்து, உலகப் போட்டிக்கு வேறு கியூவோடு வந்தார். அரையிறுதி வரை போனார், அங்கே ஜாவ் ஷின்டாங்கிடம் 17–7 என்று தோற்றார். பட்டம் போச்சு என்றும் சொல்லலாம், புதுக் கியூவோடு அரையிறுதி என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி.

கடைசியாகப் பராமரிப்பு, சென்னைக்காரர்களுக்கு இது அவசியம். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடிக்கும், சித்திரை வெயிலில் விடும். கியூவைச் சுவரில் சாய்த்து வைத்தால் தன் எடையிலேயே மெல்ல வளையும். படுக்க வையுங்கள், அல்லது உறையில் போட்டு நேராக நிறுத்துங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் டூவீலர் பெட்டிக்குள்ளும் விடவே கூடாது. ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், ஈரத்துணி வேண்டாம். தண்டு ஒட்டுகிறது என்று உப்புத்தாள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முனை துளி மெலியும், மெலிந்தால் விலகல் மாறும், கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். ஆஷுக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை ஆளிவிதை எண்ணெய் சில துளி துணியில் விட்டுத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க, அந்த எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.